மீன்பாசி

திருவண்ணாமலையில் பௌர்ணமி கழிந்த மறுநாள் விடியற்காலையில் கிரிவலப் பாதையில் நடந்து செல்கிறவனுக்கு, முந்தின இரவு லட்சக்கணக்கான பாதங்கள் தேய்த்துச் சென்ற அந்த 14 கிலோமீட்டர் வழி நெடுகிலும், எண்ணெய் வற்றிய அகல் விளக்குகளும், கசங்கிய தொன்னைகளும், பொரியும் தேங்காய்ச் சில்லும், அன்னதானப் பந்தலின் கழுநீர் ஓடிய ஈரத் தடங்களும் கண்ணில் படும். துப்புரவுப் பணியாளர்கள் இவற்றில் அள்ளக்கூடியதையெல்லாம் அள்ளிவிடுகிறார்கள். ஆனால் அள்ள முடியாத ஒரு பகுதி, கழுநீரில் கரைந்தும், மண்ணில் ஊறியும், அடுத்த மழையில் 2,600 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் அந்த மலையின் சரிவிலிருந்து பாய்ந்து வரும் ஓடைகளில் கலந்தும், தாழ்ந்த இடத்தைத் தேடிச் சென்று, கடைசியில் ஏதேனும் ஒரு குளத்தையோ ஏரியையோ அடைந்து அங்கே தங்கிவிடுகிறது.

ஊருக்கு வெளியே அப்படிப்பட்ட ஏரி ஒன்றை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அதன் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. தமிழ்நாட்டில் இருப்பதாகச் சொல்லப்படும் ஏறத்தாழ 39,000 ஏரிகளில் பெரும்பாலானவை குணத்திலும் உருவத்திலும் அதன் உடன்பிறப்புகளே. ஐப்பசி, கார்த்திகையில் ஆளுயரம் நிற்கும் தண்ணீர், பங்குனி பிறப்பதற்குள் முழங்காலுக்கு இறங்கிவிடும். இந்த ஆழக் குறைவுதான் நாம் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய சங்கதி. ஆழமான மலைநாட்டு ஏரிகளில், மேலே மடிந்து விழுகிறதெல்லாம் இருண்ட அடிநீருக்குள் இறங்கி நெடுங்காலம் அங்கேயே கிடக்கும். நம்முடைய ஏரியிலோ வெயிலும் காற்றும் அடிமண்வரை எட்டுவதால், மேல்நீரும் அடிவண்டலும் ஒரே வீட்டில் குடியிருக்கும் மாமியாரும் மருமகளும்போல நாள்தோறும் கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டே இருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைக் காலையில், அந்த ஏரியின் நீர் முழுவதும் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் மாறி, காற்று ஒதுக்கிய கரையோரத்தில் பெயின்டு படிந்ததுபோல் ஏடு கட்டியிருந்தது. கரையில் வலையைப் பிரித்து உலர்த்திக்கொண்டிருந்த முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"என்ன பெரியவரே, தண்ணீர் இப்படிப் பச்சையாகிவிட்டதே?"

"பாசி கட்டிப்போச்சுங்க சாமி. இனிமே ரெண்டு நாள் மூடாக்குப் போட்டா விடியக்காலம் மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்துக்கிட்டு நிக்கும்."

"மீன் விட்டால் பாசியைத் தின்று தீர்த்துவிடும் என்கிறார்களே?"

"சில மீனு திங்கும். சில மீனு பாசியக் கூட்டிவிட்டுரும். எல்லாத்தையும் மீனுன்னு ஒண்ணாச் சொல்லிட முடியுங்களா?"

நீர்நிலை சாஸ்திரத்தில் அறுபது ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு பெரிய ஆராய்ச்சியின் சாரம் முழுவதும் அவருடைய அந்த மூன்று வாக்கியங்களில் அடங்கியிருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. பிறகு நூல்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

அவர் அந்த ஏரியை எடுத்திருந்த உரிமைக்கு நம் கிராமங்களில் மீன்பாசிக் குத்தகை என்று பெயர். மீனைப் பிடிக்கும் உரிமைக்கு எதற்காகப் பாசியின் பெயரும் சேர்ந்து வருகிறது? சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளிலும் குளத்து மீனுக்காக வாங்கப்பட்ட வரிக்குப் பாசிப்பாட்டம் என்றே பெயர் காணப்படுகிறது. சொல்லின் மூலத்தைச் சொல்லாராய்ச்சி வல்லவர்கள் தீர்மானிக்கட்டும். மீனும் பாசியும் ஒரே கணக்கில் எழுதப்பட வேண்டியவை என்ற எண்ணத்தை ஏற்படுத்துகிற வகையில் இந்தச் சொல் எத்தனையோ நூற்றாண்டுகளாக நம் நாவில் வழங்கி வந்திருக்கிறது என்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது.

பாசி என்றவுடன் முகம் சுளிப்பது நியாயமன்று. கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்ணிய தாவரங்களே சூரிய ஒளியைப் பிடித்து ஆகாரமாக மாற்றி, குளத்தின் சகல ஜீவராசிகளுக்கும் படியளக்கின்றன. பாசிகளின் ஆராய்ச்சியில் சென்னை மாநகரம் ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்தது. இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படும் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார், தென்னிந்தியக் குளம் குட்டைகளிலிருந்து எடுத்த நீரில் அதுவரை எவரும் அறியாத பல இனங்களைக் கண்டு விவரித்தார். அவருடைய மாணவ பரம்பரையில் வந்த டி. வி. தேசிகாச்சாரி 1959-இல் வெளியிட்ட நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றிய பெருநூலை இன்றும் உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். எஸ். வி. கணபதி என்ற விஞ்ஞானி, 1940-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் பத்திரிகையில், மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி நிரந்தரமாகவே மண்டிக் கிடந்த ஒரு கோயில் குளத்தைப் பற்றியும், மூன்று ஆண்டுகள் கழித்து, மிதக்கும் நுண்பிராணிகள் ஏராளமாக இருந்த ஒரு தோட்டத்துக் குளத்தைப் பற்றியும் எழுதினார். இவ்விரண்டு குளங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதெல்லாம், ஒரே வானத்தின் கீழ் ஒரு குளம் பாசியின் ராஜ்யமாகவும் மற்றொன்று பாசியை மேய்கிற பிராணிகளின் ராஜ்யமாகவும் இருப்பது எதனால் என்ற கேள்வி எனக்குள் எழாமல் இருப்பதில்லை.

இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் முதலில் கண்ட விடை, சத்து என்பது. பாசிக்கு வேண்டிய ஆகாரங்களில் கரியை அது காற்றிலிருந்து பெற்றுக்கொள்ளும். நைட்ரஜனையும் சில நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருந்தே நேராகப் பிடித்துக்கொள்ளும் வல்லமை படைத்தவை. ஆனால் பாஸ்பரஸ் காற்றில் இல்லை. மண்ணிலிருந்தோ, எலும்பிலிருந்தோ, மலத்திலிருந்தோ, உரத்திலிருந்தோ கரைந்து வந்தால்தான் உண்டு. பாசியின் உலர்ந்த எடையில் அது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். ஆயினும் அந்த ஒரு பங்கு கிடைக்காவிட்டால் மற்றத் தொண்ணூற்றொன்பதும் பயன்படாமல் நின்றுவிடும். ஆகவே ஒரு கிராம் பாஸ்பரஸ் குளத்துக்குள் விழுவது, நூறு கிராம் உலர்ந்த பாசிக்கு விதை போடுவதற்குச் சமானம்.

இதைக் கண்முன் நிறுத்திக் காட்டிய பரீக்ஷை ஒன்று கனடா தேசத்தில் நடந்தது. டேவிட் ஷிண்ட்லர் என்பவரும் அவருடைய சகாக்களும் 1973-இல், ஒண்டேரியோ மாகாணத்தின் காட்டில், 226 என்ற எண்ணிட்ட ஒரு சிறிய ஏரியின் குறுகலான இடுப்பில் பிளாஸ்டிக் திரை ஒன்றைக் கட்டி அதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கரியும் நைட்ரஜனும் மட்டும் சேர்த்தார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். ஆகாய விமானத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரு பாதி கருநீலமாகவும், பாஸ்பரஸ் விழுந்த பாதி பச்சைப் பாலாகவும் தெரிந்தது. பக்கம் பக்கமாக எழுதிய தர்க்கங்களால் ஆகாத காரியத்தை அந்த ஒரே படம் சாதித்தது. சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்துகிற சட்டங்கள் பல தேசங்களில் ஏற்படுவதற்கு அது உறுதுணையாக நின்றது. வெப்பநாட்டு நீர்நிலைகளில் நைட்ரஜனும் பல சமயம் பாசியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் சத்தாக இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆனால் மனிதன் விட்டுவைக்கும் கழிவில் இரண்டுமே சேர்ந்துதான் வருகின்றன.

ஒரு மனிதன் ஒரு நாளில் கழிக்கும் மலஜலத்தில் ஒன்று முதல் இரண்டு கிராம்வரை பாஸ்பரஸ் உண்டு. ஓர் ஊரின் ஜனத்தொகையையும், ஒரு பௌர்ணமியின் கூட்டத்தையும் இதனோடு பெருக்கிப் பார்க்கிறவர்கள், சாக்கடை எந்தக் குளத்தில் போய் விழுகிறது என்பதை அலட்சியமாகக் கேட்க மாட்டார்கள். வயலில் இடும் டி.ஏ.பி. உரத்தில் மிஞ்சியதும், மாட்டுத்தொழுவத்துக் கழுநீரும், துணி துவைத்த நுரையும் இதே வழியில் வந்து சேர்கின்றன. நம் மாவட்டத்துக்கு இன்னும் ஒரு தூரத்து உறவும் உண்டு. பெங்களூரின் கழிவைச் சுமந்து, சில சமயங்களில் நுரை பொங்கித் தெருவரை வந்த பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரிநீர் தென்பெண்ணையில்தான் கலக்கிறது. அந்த ஆறு ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையிலும், பிறகு கிருஷ்ணகிரி அணையிலும் தங்கி, 1958-இல் கட்டி முடிக்கப்பட்டு 119 அடி நீர்மட்டம் கொண்ட நம் சாத்தனூர் அணைக்கு வந்து சேர்கிறது. கெலவரப்பள்ளியில் வெண்ணுரை மலைபோல் குவிந்த காட்சியைப் பத்திரிகைப் படங்களில் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். வழியிலுள்ள அணைகள் சுமையில் ஒரு பகுதியை இறக்கி வைத்துக்கொள்கின்றன என்பது உண்மை. என்றாலும், ஒரு நகரத்தின் சலவைத் தொட்டிக்கும் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு மீனின் மூச்சுக்கும் சம்பந்தம் உண்டு என்பதை இந்த ஆறு நமக்கு எழுதிக் காட்டிக்கொண்டே ஓடுகிறது.

சரி, வருகிற சாக்கடையை அடைத்துவிட்டால் குளம் மறு வருஷமே தெளிந்துவிடுமா என்றால், அதுதான் இல்லை. பல ஆண்டுகளாக வந்த பாஸ்பரஸ், அடிவண்டலில் இரும்போடு பிணைந்து வைப்புநிதிபோல் கிடக்கிறது. அடிமண்ணில் பிராணவாயு இருக்கும்வரை அந்தப் பிணைப்பு அவிழ்வதில்லை. மடிந்த பாசி அழுகி, பிராணவாயு தீர்ந்துபோனால், இரும்பு தன் பிடியை விட்டுவிடுகிறது. மார்ட்டிமர் என்ற ஆங்கில விஞ்ஞானி 1941, 1942 ஆண்டுகளில் விளக்கிய இந்த ரசாயனம் நம் கோடைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள்: தண்ணீர் வற்றி, உள்ள சத்தெல்லாம் கொஞ்ச நீரில் செறிவடைந்து, வெயிலால் வண்டல் சூடேறி, அழுகல் விரைந்து, வண்டல் தன்னிடம் இருந்ததை மேலே விட, மேலே பாசி இன்னும் தடிக்கிறது. பாசி பாசியையே வளர்க்கிற விஷச்சக்கரம் அது.

இவ்வளவும் கீழிருந்து மேலே போகும் கணக்கு. மேலிருந்து கீழே வரும் கணக்கு ஒன்றும் இருக்கிறது. நம் முதியவர் சொன்னது அதைத்தான்.

பாசியை மேய்கிற பசுக்கள், டாப்னியா முதலிய நீர்த்தெள்ளுகள். கடுகளவான இந்தப் பிராணிகள், தண்ணீரை ஓயாமல் வடிகட்டி அதிலுள்ள பாசியை உண்கின்றன. பெரிய டாப்னியா நிறைந்த குளம் சில நாட்களில் பளிங்குபோல் தெளிந்துவிடும். இந்தப் பசுக்களைத் தின்கின்றன சிறு மீன்கள். சிறு மீன்களைத் தின்கிறது விரால் போன்ற வேட்டை மீன். விரால் குறைந்தால் சிறு மீன் பெருகும். சிறு மீன் பெருகினால் நீர்த்தெள்ளு அழியும். நீர்த்தெள்ளு அழிந்தால் பாசி கேட்பாரற்று வளரும். செக் நாட்டில் ஹர்பாசெக் என்பவர் எல்பே நதியின் கழிமடுக்களில் இதை 1961-இல் எடுத்துக் காட்டினார். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஏல்வைஃப் என்ற சிறு மீன் நுழைவதற்கு முன்பும் நுழைந்த பின்பும் ஒரே ஏரியில் 1942-லும் 1964-லும் எடுத்த நுண்பிராணிகளை ஒப்பிட்டு, பெரிய இனங்களெல்லாம் மறைந்து பொடி இனங்களே மிஞ்சியிருந்ததை புரூக்ஸ், டாட்சன் என்ற இருவர் 1965-இல் வெளியிட்டார்கள். சத்தைக் குறைக்காமலே, மீன்களை மாற்றியமைத்துக் குளத்தைத் தெளிவிக்க முடியும் என்று பிறகு மின்னசோட்டாவின் ஜோசப் ஷாபிரோ வாதாட, ஐரோப்பாவில் ஏரி ஏரியாக மீனை வாரி எடுத்துப் பார்த்தார்கள். பல இடங்களில் நீர் தெளியவும் செய்தது.

அந்த வைத்தியத்தை அப்படியே எடுத்து வந்து நம் ஏரிக்குச் செய்துவிட முடியாது என்பது என் திடமான அபிப்பிராயம். குளிர்நாட்டில் மீன் ஆண்டுக்கு ஒரு முறை குஞ்சு பொரிக்கும். அங்கே வசந்த காலத்தில் நீர்த்தெள்ளுக்குச் சில வாரங்களாவது சுதந்திரம் உண்டு. நம் ஊரில் பல சிறு மீன்களுக்கு வருஷம் முழுவதும் பிரசவ காலம்தான். பொடிக்குஞ்சுகளின் வாய் எந்நாளும் திறந்தே இருப்பதால், பெரிய டாப்னியா இங்கே தலையெடுப்பதே அரிது. போதாததற்கு, மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசிகள் வழவழப்பான கூழுக்குள் ஆயிரக்கணக்கில் திரண்டு, சிறு பிராணிகளின் வாய்க்கு அடங்காத உருண்டைகளாகி, உடலுக்குள் காற்றுப் பைகளை வைத்துக்கொண்டு மேலே மிதந்து வெயிலை முந்திப் பெற்றுக்கொள்கின்றன.

ஆதலால் எந்த மீன் என்று கேட்டாக வேண்டும். கட்லா மேல்நீரில் திரிந்து நுண்பிராணிகளை விரும்பி உண்பது. அதைக் கணக்கில்லாமல் விட்டால், பாசியின் எதிரிகளைத் தின்று பாசிக்கு உபகாரம் செய்துவிடும். ரோகு நடுநீரில் மேய்வது. மிர்கால் அடியில் அழுகலைத் தின்பது. கங்கைச் சமவெளியின் இந்தக் கெண்டைகள் நம் ஏரிகளிலும் அணைகளிலும் இவ்வளவு பரவியதற்கு, ஹீராலால் சௌத்ரி 1957 ஜூலை 10 அன்று ஒரிசாவின் அங்குலில் ஊசி மருந்தால் அவற்றைக் குஞ்சு பொரிக்கச் செய்த சாதனை ஒரு முக்கிய காரணம். 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட சாதாக் கெண்டையின் சுபாவமோ வேறு. அது பன்றி கிழங்கு தோண்டுவதுபோல் வண்டலை மூக்கால் கிளறி இரை தேடும். கிளறிய இடத்தில் நீர்ச்செடியின் வேர் அறுகிறது, தண்ணீர் கலங்குகிறது, வைப்பிலிருந்த பாஸ்பரஸ் மேலே வருகிறது. 1952-இல் வந்த திலேப்பியா, நம் மக்கள் ஜிலேபிக் கெண்டை என்று செல்லமாக அழைப்பது, அடிமண்ணில் குழி தோண்டி முட்டையிட்டு, வாயிலேயே குஞ்சைக் காத்து, கிடைத்ததையெல்லாம் தின்று, சில வருஷங்களில் ஒரு குளத்தையே தன் குடும்பமாக்கிவிடும். பாசி தின்னும் என்று அதன் மேல் சிலருக்குப் பிரியம், தின்னத்தான் செய்கிறது, ஆனால் தின்றதன் சத்தை உடனே கழிவாகக் கரைத்து, அடுத்த பாசிக்கு உரமாக அது திருப்பிக் கொடுப்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பாசியை உண்மையிலேயே அடக்கிய மீன் ஒன்று உண்டென்றால், 1959-இல் இந்தியாவுக்கு வந்த வெள்ளிக் கெண்டையைச் சொல்லலாம். சீனாவில் வூகான் நகரத்து டோங்கு ஏரியில், ஆண்டுதோறும் கோடையில் மண்டிய நீலப்பச்சைப் பாசி 1985 முதல் திடீரென மறைந்தது. அங்கே அடர்த்தியாக விடப்பட்டிருந்த வெள்ளிக் கெண்டையும் பெருந்தலைக் கெண்டையுமே காரணம் என்பதை, மீனற்ற வலைக்கூண்டுகளுக்குள் பாசி மறுபடி தோன்றியதைக் கொண்டு விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள். ஆனாலும் அந்த ஏரி சத்து குறைந்த ஏரியாக மாறிவிடவில்லை. திரண்ட பாசி போய், மீனின் செவுள் சல்லடைக்கு அகப்படாத பொடிப்பாசி மிஞ்சியது. ஏடு மறைந்தது, பச்சை மறையவில்லை.

மீன் வளர்க்கிறவருக்கு அந்தப் பச்சையே செல்வம் என்பதையும் மறக்கலாகாது. அவர் சாணத்தையும் சூப்பர் பாஸ்பேட்டையும் தம் கைக்காசு போட்டு வாங்கிக் குளத்தில் கரைக்கிறார். கையை முழங்கைவரை நீரில் விட்டு, உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் திருப்தியடைகிறார். தெளிவாகத் தெரிந்தால் இன்னும் உரம் போடுகிறார். அவருடைய குளம் அதற்கென்றே வெட்டியது. அதில் குற்றம் இல்லை. ஊர் குடிக்கிற, குளிக்கிற, மாடு இறங்குகிற ஏரியில் அதே முறையைக் கையாளும்போதுதான் சங்கடம் வருகிறது. பச்சை தடித்த நீரில் பகல் முழுவதும் பிராணவாயு பொங்கும். இரவில் அதே பாசி அதை மூச்சாக இழுத்துத் தீர்த்துவிடும். மேகமூட்டமான நாட்கள் இரண்டு சேர்ந்தால், விடியற்காலையில் கணக்கு முறிகிறது. முதியவர் சொன்னபடி மீன் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்து, பொழுது ஏறுவதற்குள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கிறது. மைக்ரோசிஸ்டிஸ் சில சமயம் கல்லீரலைத் தாக்கும் நஞ்சையும் உண்டாக்குகிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. காய்ச்சினாலும் அந்த நஞ்சு அழிவதில்லை. ஏடு கட்டிய கரையில் குழந்தைகளையும் மாடுகளையும் இறக்காமலிருப்பது, எந்தப் பரீக்ஷைக்கும் காத்திராமல் இன்றே செய்யக்கூடிய காரியம்.

ஆழமற்ற ஏரிக்கு ஒரு விசித்திரமான மனப்போக்கு உண்டு. ஒரே அளவு சத்திலும் அது இரண்டு விதமாக வாழக்கூடும். ஒன்று, நீர்க்கொடிகளும் அல்லியும் கொட்டியும் வேரூன்றி, தெளிந்த நீராக நிற்பது; மற்றொன்று, கொடிகள் அழிந்து, பாசியால் கலங்கி நிற்பது. நெதர்லாந்தின் மார்டென் ஷெஃபர் 1993-இல் இதை ஒரு கொள்கையாக வகுத்தார். நீர்க்கொடிகள் அலையைத் தணித்து வண்டலைப் பிடித்துவைக்கும். சத்தைத் தாமே உண்டு பாசிக்குக் குறைத்துவிடும். நீர்த்தெள்ளுகளுக்குப் பகல் நேரத்தில் ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கும். தெளிவு கொடியை வளர்க்கும், கொடி தெளிவைக் காக்கும். ஆனால் ஓர் எல்லையைத் தாண்டிச் சத்து ஏறிவிட்டால், அல்லது கிளறும் மீன் பெருகிவிட்டால், வெளிச்சம் அடியை எட்டாமல் கொடி மடிய, ஏரி மறுபக்கம் சாய்ந்துவிடும். சாய்ந்ததைத் திருப்ப, சாய்த்த அளவுக்குமேல் பாடுபட வேண்டும்.

இங்கே நம் மொழிவழக்கே நமக்கு ஓர் இடைஞ்சல் செய்கிறது. வேலம்பாசி என்று நாம் சொல்லும் நீர்க்கொடி பாசியே அன்று, வேரும் தண்டும் இலையும் உள்ள செடி. தண்ணீரைப் பச்சையாக்கும் நுண்பாசிக்கும், அதை அடக்கிவைக்கிற இந்தக் கொடிக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால், குளத்தைச் சுத்தம் செய்யக் கிளம்புகிற நல்ல உள்ளங்கள் முதல் வேலையாகக் கொடியை வேரோடு வாரிக் கரையில் போட்டுவிட்டு, அடுத்த மாதமே தண்ணீர் பச்சையாகிவிட்டதே என்று வருந்துவதை நான் கண்டிருக்கிறேன். வெங்காயத்தாமரையை வாருவது வேறு; அது மேலே மூடி வெளிச்சத்தை அடைப்பது, அள்ள அள்ள நல்லது. புல் கெண்டையை விடுவதும் இதே யோசனையோடு செய்ய வேண்டிய காரியம். அது நுண்பாசியைத் தொடாது, கொடியைத்தான் மேயும்.

சத்து, மீன் என்ற இந்த இரண்டு கணக்கையும் ஒருங்கே தீர்க்கிற ஏற்பாடு ஒன்று நம் முன்னோர் வழக்கத்தில் இருந்தது என்பதே நான் சொல்ல விரும்பியது. கோடையில் ஏரி வற்றும். ஊர்கூடி மீனைப் பிடித்துவிடுவார்கள். கிளறும் மீனும் பொடி மீனும் ஒரே நாளில் கணக்குத் தீர்ந்து, அவற்றின் உடம்பில் சேர்ந்திருந்த சத்தும் கூடையேறிக் கரை தாண்டிப் போகும். பிறகு வெடித்துக் கிடந்த வண்டலை வண்டி வண்டியாக அள்ளி வயலுக்குப் போடுவார்கள். வயலிலிருந்து கழுவி வந்த பாஸ்பரஸ் மறுபடி வயலுக்கே போயிற்று. அடுத்த மழையில் புது நீர் நிறையும்போது, தின்ன மீனில்லாத குளத்தில் நீர்த்தெள்ளும் கொடியும் முந்திக்கொண்டு வளர, சேற்றில் புதைந்து பிழைத்த விராலும் கெளுத்தியும் பின்னால் வந்து சேர்ந்தன. ஸ்வீடனில் ட்ரம்மன் என்ற ஏரியைக் காப்பாற்ற 1970, 1971 ஆண்டுகளில் இயந்திரங்களால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வண்டலை உறிஞ்சி எடுத்தது நீர்நிலை சாஸ்திர நூல்களில் பெரும் சாதனையாகப் பேசப்படுகிறது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், 919, 921 ஆண்டுகளிலேயே, ஏரி வாரியம் என்ற ஒரு சபையைத் தேர்ந்தெடுக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. தூர் வாருவதற்கு ஓடங்கள் வைத்து நிவந்தம் விட்ட செய்திகளும் தமிழகக் கல்வெட்டுகளில் உண்டு. அவர்களுக்குப் பாஸ்பரஸ் என்ற பெயர் தெரிந்திருக்கவில்லை. வண்டல் போட்ட வயல் விளையும், வண்டல் எடுத்த ஏரி தெளியும் என்பது தெரிந்திருந்தது.

2017-இல் குடிமராமத்து மறுபடி உயிர் பெற்று, ஏரி வண்டலை விவசாயிகள் எடுத்துக்கொள்ளவும் அனுமதி கிடைத்தபோது மனம் மிகவும் குளிர்ந்தது. ஆனால் சில இடங்களில் வேலை நடந்த விதத்தைப் பார்த்து வேதனைப்பட்டேன். சத்து நிறைந்த மேல் வண்டலைச் சீராகச் சுரண்டுவதற்குப் பதிலாக, ஒரே மூலையில் ஆளை விழுங்கும் பள்ளமாகத் தோண்டி அடிமண்ணை எடுத்தார்கள். கரையோரத்தில் கோரையும் கொட்டியும் முளைக்கிற சாய்வான பரப்பை வெட்டிச் செங்குத்தாக்கி, சிமெண்டுச் சுவரும் நடைபாதையும் கட்டினார்கள். சுவருக்கு வேர் இல்லை. அது வருகிற கழுநீரிலிருந்து ஒரு துளிச் சத்தையும் உறிஞ்சிக்கொள்ளாது.

கோயில் தீர்த்தங்களின் நிலை இன்னும் நுட்பமானது. கிருஷ்ணதேவராயர் திருப்பணியில் ஆயிரங்கால் மண்டபத்தோடு சேர்த்துப் பேசப்படும் சிவகங்கைத் தீர்த்தம் போன்ற கற்படிக் குளங்களில் கொடிக்கு மண் இல்லை, மீனுக்கு வலை இல்லை. தீர்த்தத்து மீனைப் பிடிக்கலாகாது என்ற ஜீவகாருண்யம் போற்றத்தக்கதே. அதற்குப் பொரி போடுவதும் பக்தியின் ஓர் அங்கமாகிவிட்டது. ஆனால் பொரியாக உள்ளே போன சத்து, மீனின் வழியே நீரில் கரைந்து, வெளியேற வாசலில்லாமல் அங்கேயே சுழல்கிறது. கார்த்திகை தீபம் முடிந்து ஐயங்குளத்தில் தெப்பம் சுற்றுகிற அந்த இரவுகளில், விளக்கின் பிரதிபிம்பம் நீரில் நடுங்குவதைப் பார்க்கிறவர்கள், நீர் தெளிவாக இருந்தால்தான் அந்த அழகு வாய்க்கும் என்பதை அறிவார்கள். பொரியையும் மாலையையும் கரையிலேயே வாங்கிவைக்க ஒருவரை நிறுத்துவதும், சாக்கடையின் ஒரு சொட்டும் தீர்த்தத்தின் நீர்வரத்துக் காலில் சேராதபடி பார்ப்பதும், எந்தப் புது மீனை வாங்கி விடுவதைக் காட்டிலும் முதலில் செய்ய வேண்டியவை. ஏனென்றால் மீனைக் கொண்டு செய்கிற வைத்தியமெல்லாம் சத்தின் வரவு குறைந்த பிறகே நிலைக்கும். வரவை அப்படியே விட்டுவிட்டு மீனை மட்டும் மாற்றிய ஏரிகள் இரண்டொரு வருஷம் தெளிந்து, பிறகு பழையபடி பச்சையாகிவிட்டதை ஐரோப்பாவின் அனுபவமே காட்டுகிறது.

இத்தாலியில் செக்கி என்ற பாதிரியார் 1865-இல், போப்பாண்டவரின் கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்தார். நானும் ஒரு டப்பா மூடிக்கு வெள்ளைப் பூச்சுப் பூசி, அடியில் கல் கட்டி, முடிச்சுப் போட்ட கயிற்றில் பௌர்ணமிக்கு மறுநாள்தோறும் அந்த ஏரியின் மதகடியில் இறக்கிப் பார்க்கிறேன். குத்தகைக்கார முதியவரும் சில நாள் பக்கத்தில் வந்து நிற்பார். சென்ற ஐப்பசியில் புதுநீர் வந்தபோது நாலாவது முடிச்சுவரை, அதாவது இரண்டு முழம்வரை, மூடி தெரிந்தது. மதகோரத்தில் வேலம்பாசி கொஞ்சம் துளிர்த்திருந்ததையும் பார்த்தோம். "இந்தத் தடவை சாதாக் கெண்டை விடலீங்க, விரால் குஞ்சுதான்" என்றார். பங்குனியில் இறக்கியபோது ஒன்றரை முடிச்சில் மறைந்தது. அதற்கு முந்தின பங்குனியில் முதல் முடிச்சுக்கே மறைந்திருந்தது.